மாடி வைத்த பள்ளிக்கூடம்

ஆர்த்தி அகமதாபாத்தில் கட்டடக்கலை படித்து, பெங்களூரில் இரண்டு வருடம் வேலையும் பார்த்துவிட்டுச் சிவகாசிக்குத் திரும்பியபோது, வரன் பார்க்கத்தான் அவளை வரவழைத்திருக்கிறார்கள் என்று சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு ஜாதகத்தோடு வந்து நின்றார்கள். அவள் அப்பா அய்யாதுரை எல்லோருக்கும் காபி கொடுத்து, ஜாதகங்களை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டுச் சொன்னார்: "மொதல்ல அவ எனக்கு ஒரு பள்ளிக்கூடம் கட்டித் தரட்டும். அப்புறம் பாப்போம்."

அய்யாதுரைக்குச் சிவகாசி ஊருக்குள் காலண்டர் அச்சகம் இருந்தது. நாரணாபுரத்துக்கு அந்தப் பக்கம் பட்டாசுத் தொழிற்சாலை இருந்தது. ஒரு மனிதர் செய்ய வேண்டிய தர்மங்களில் பெரும்பாலானவற்றை அவர் செய்து முடித்திருந்தார். கோயில் கோபுரத்துக்குப் பெயிண்ட் அடித்தாயிற்று. ஆஸ்பத்திரிக்குக் கட்டில் வாங்கிக் கொடுத்தாயிற்று. அவரோடு தொழில் தொடங்கியவர்களெல்லாம் ஆளுக்கொரு பள்ளிக்கூடமோ காலேஜோ கட்டி, வாசலில் தங்கள் தகப்பனார் சிலையையும் வைத்துவிட்டார்கள். அது ஒன்றுதான் அவருக்குப் பாக்கி.

தொழிற்சாலைக்குக் கொஞ்ச தூரத்தில், ரோட்டோரமாகக் கரிசல் நிலம் வாங்கிப் போட்டிருந்தார். சுற்று ஊர்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் போகிறவர்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு நல்ல பள்ளிக்கூடம், அதுவும் கட்டணமில்லாமல். "உன் இஷ்டம் போலக் கட்டு. நான் குறுக்க வரமாட்டேன்" என்று மகளிடம் சொன்னார். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார். அதுதான் பிரச்சினையாகப் போயிற்று.

ஆர்த்தி ஒரு கோடைகாலம் முழுக்க அந்த நிலத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றாள். எந்த நேரத்தில் வெயில் எங்கே விழுகிறது, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, மழை பெய்தால் தண்ணீர் எங்கே போய்த் தேங்கும் என்றெல்லாம் பார்த்தாள். இந்த ஊர் வெயிலில் கான்கிரீட் பெட்டியைக் கட்டி, அதற்குள் பிள்ளைகளை அடைத்து, பிறகு மின்விசிறி போட்டு ஆற்றுவது பாவம் என்று அவள் மனப்பூர்வமாக நம்பினாள். பெட்டி வேண்டாம். மாடி வேண்டாம். தனித்தனி வகுப்பறைகள், ஒன்றுக்கொன்று நல்ல இடைவெளி விட்டு. இடையிடையே வேப்பமரம். கனமான சுவர், வெளியே வெள்ளைச் சுண்ணாம்பு. காற்று ஓடுவதற்கு எதிரெதிரே வாசல், எல்லாக் கதவும் வெளிப்பக்கம் திறக்கும். பகல் வெளிச்சமே போதும், கரண்ட் தேவையே இல்லை. மழைத் தண்ணீர் எல்லாம் ஓடி வந்து நடுவில் ஒரு குளத்தில் சேரும்.

அட்டையில் மாதிரி செய்து, ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கொண்டுவந்து வைத்தாள். அய்யாதுரை இட்லியைத் தள்ளி வைத்துவிட்டு அதையே பார்த்தார். சுற்றி வந்து பார்த்தார். குனிந்து, ஓர் அறையின் வாசல் வழியே அடுத்த வாசலைப் பார்த்தார்.

"ஏம்மா, இத உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லிக் குடுக்கலப்பா. நானாத்தான் யோசிச்சேன்."

"நீயாவா?" அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "ரத்தம்னு ஒண்ணு இருக்குல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். ஆர்த்தி அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டாள். அப்பா மாதிரி பழைய ஆளுக்கே பிடித்துவிட்டது என்றால் ஊருக்குப் பிடிக்காதா என்று நினைத்து அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டாள்.

வேலை தொடங்கி, மூன்று நான்கு அறைகள் எழும்பி, சுண்ணாம்பும் அடித்து, வேப்பங்கன்று நட்டுக்கொண்டிருந்த சமயத்தில் ஒரு சாயங்காலம் சில பெண்கள் தூக்குவாளியோடு வந்து நின்றார்கள். வேலை முடிந்து போகிறவர்கள். விரலெல்லாம் அலுமினியப் பொடி மினுங்கிற்று. முன்னால் நின்றவள் பெயர் முத்துப்பேச்சி. அய்யாதுரையின் தொழிற்சாலையில் பூச்சட்டி செய்கிறவள். முதலாளி மகளைக் கண்டதும் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"கும்பிடுறேம்மா. இங்கன எப்பம்மா ஆள் எடுக்கீக?"

"ஆளா? கொத்தனார்கிட்டதான் கேட்கணும்க்கா."

"சித்தாள் வேலைக்கு இல்லம்மா. உள் வேலைக்கு. வீட்டுக்குப் பக்கமா இருந்தா எங்களுக்கும் தோது. அங்கன வேனுக்குக் காத்துக் கெடக்க வேண்டியிருக்கு."

"உள்ள என்ன வேலைக்கா? இது பள்ளிக்கூடம்."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னால் நின்ற சோலையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்தினாள்.

"சரிம்மா. பள்ளிக்கூடந்தான்" என்றாள் முத்துப்பேச்சி, ரகசியத்தைக் காப்பாற்றுகிறவளின் குரலில். "லைசென்ஸ் வாரதுக்கு முன்ன அப்படித்தான் சொல்லணும். எங்களுக்குத் தெரியாதா? தீவாளி சீசனுக்கு முன்னாடி ஆரம்பிச்சிருவீகளா?"

"இல்லக்கா, நெசமாவே பள்ளிக்கூடம். உங்க பிள்ளைகளுக்குத்தான்."

முத்துப்பேச்சியின் முகத்திலிருந்த சிரிப்பு போயிற்று. அவள் வெள்ளை அறைகளை ஒரு முறை பார்த்தாள். இடையில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தாள். பிறகு, "வாரோம்மா" என்று சொல்லிவிட்டு மற்றவர்களோடு நடந்து போனாள். ரோட்டுக்குப் போனதும் அவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தது ஆர்த்திக்குக் கேட்டது. என்ன பேசினார்கள் என்பது கேட்கவில்லை.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாததற்குக் காரணம் இருந்தது. பட்டாசுத் தொழிற்சாலைக்குள் தன் பிள்ளைகள் காலெடுத்து வைக்கக் கூடாது என்பது அய்யாதுரை ஆரம்பத்திலேயே போட்ட சட்டம். மற்றவர்கள் பிள்ளைகளைப் பற்றி அந்தச் சட்டம் அந்தக் காலத்தில் ஒன்றும் சொல்லவில்லை. ஆர்த்திக்கு அச்சகம் தெரியும், காலண்டர் சாமிகளைத் தெரியும். தொழிற்சாலை என்றால் ரோட்டிலிருந்து தெரிகிற நீண்ட மதில்தான்.

"அப்பா, நான் ஃபேக்டரிய உள்ள வந்து பாக்கணும்" என்றாள் அன்றைக்கு.

அய்யாதுரை மறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லாத நேரம் பார்த்து அழைத்துப் போனார். வாட்ச்மேன் கேட்டைத் திறந்தான். ஆர்த்தி உள்ளே நுழைந்து பத்தடி போவதற்குள் நின்றுவிட்டாள்.

தனித்தனி அறைகள், ஒன்றுக்கொன்று நல்ல இடைவெளி விட்டு. இடையிடையே வேப்பமரம். கனமான சுவர், வெள்ளைச் சுண்ணாம்பு. எதிரெதிரே வாசல், வெளிப்பக்கம் திறக்கும் கதவு. ஒரு கம்பியோ விளக்கோ கிடையாது. நடுவில் ஒரு தண்ணீர்த் தொட்டிகூட இருந்தது. தீப்பிடித்தால் அணைப்பதற்கு. மரங்களுக்கு நல்ல வயது. அவள் நட்ட கன்றுகள் இருபது வருடம் கழித்து எப்படி இருக்கும் என்று அவள் வரைந்து வைத்திருந்த படம் அப்படியே கண்முன்னால் நின்றது.

"அப்பா, உங்களுக்கு அன்னைக்கே தெரியும்."

"பாத்த உடனே தெரிஞ்சது."

"ஏன் சொல்லல?"

"குறுக்க வரமாட்டேன்னு வாக்குக் குடுத்திருந்தேன்லா. நீயும் அம்புட்டு சந்தோசமா இருந்த." அவர் ஒரு மரத்தடியில் நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தப்பா ஒண்ணும் இல்லையேம்மா. நல்ல டிசைன். நான் முப்பது வருசமா இதுக்குள்ளதான் இருக்கேன். வெயில் தெரியாது."

வெயில் தெரியவில்லை என்பது உண்மைதான். அந்த இடம் குளுகுளுவென்று இருந்தது. அதுதான் ஆர்த்திக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அகமதாபாத்தில் ஐந்து வருடம் படித்து அவள் கண்டுபிடித்ததை, வெடித்தால் ஒரு அறையோடு போகட்டும் என்று கணக்குப் போட்டவர்கள் அவளுக்கு முன்பே கட்டி முடித்திருந்தார்கள்.

இருந்தாலும் அவள் விட்டுவிடவில்லை. சாயலில் என்ன இருக்கிறது, எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார்கள் என்று நினைத்தாள். பள்ளிக்கூடம் கட்டி முடிந்தது. காரியாபட்டியிலிருந்து சொர்ணலட்சுமி என்ற அம்மாளைத் தலைமை ஆசிரியையாகக் கொண்டுவந்தார்கள். அரசுப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையில் சாக்பீஸ் இல்லாமலேயே ஒரு கூட்டத்தை உட்காரவைக்கக் கூடியவர். சேர்க்கை ஆரம்பம் என்று மைக் கட்டி ஆட்டோவில் சுற்றிச் சொன்னார்கள். சொர்ணலட்சுமி டீச்சர் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வேப்பங்கன்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வந்தது ஒரு ஆடுதான். அது ஒரு கன்றைத் தின்றுவிட்டுப் போயிற்று.

கடைசியில் சம்பள நாளன்று வேன்களை அப்படியே பள்ளிக்கூடத்துக்குத் திருப்பிவிடச் சொன்னார் அய்யாதுரை. முதலாளி கூப்பிட்டால் வராமல் இருக்க முடியாது என்பதால் எல்லோரும் வந்து தரையில் உட்கார்ந்தார்கள். ஆர்த்தி எழுந்து பேசினாள். வெயில், காற்று, மழைநீர், மண், மரம் எல்லாவற்றையும் அழகாகச் சொன்னாள். மின்விசிறியே தேவைப்படாத வகுப்பறை என்பதை இரண்டு தடவை சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் தலையாட்டினார்கள். முதலாளி மகள் பேசினால் தலையாட்டுவது மரியாதை.

"யாராச்சும் எதும் கேக்கணும்னா கேளுங்க" என்றாள்.

சொர்ணலட்சுமி டீச்சர்தான் கூட்டத்தைப் பார்த்து, "முத்துப்பேச்சி, நீ சொல்லு. நாளைக்கு ஒம் மவ எழில இங்க சேப்பியா மாட்டியா?" என்றார்.

முத்துப்பேச்சி எழுந்தாள். அய்யாதுரையை ஒரு முறை பார்த்துவிட்டுப் பார்வையைத் தரைக்குக் கொண்டுபோனாள்.

"அம்மா சொன்னது எல்லாம் சரி. நல்ல குளுமையாத்தான் இருக்கு. நான் வேணாம்னு சொல்லல. ஆனா எனக்கு ஒரு எடஞ்சல் இருக்கு."

"சொல்லுங்கக்கா" என்றாள் ஆர்த்தி.

"காலைல நான் இந்த மாதிரி ஒரு ரூமுக்குள்ளதான் போறேன். உள்ள போனதும் மொதல்ல எந்த வாசல் எனக்குப் பக்கம்னு பாத்துக்கிடுவேன். அது ஓடுறதுக்கு வச்ச வாசல். காத்துக்கு வச்சதுன்னு நீங்க சொல்லுதீக. இருக்கட்டும். ஆனா எம்மவ அந்த வாசல்ல நுழையறத என்னால பாக்க முடியாது. எங்க வீட்ல எல்லாரும் ஒத்தத் தட்டுக் கட்டடத்துலயே பொளச்சாச்சு. பட்டாசு ஆபீசுல எங்கயும் மாடி கெடையாது, வைக்கவும் கூடாது. எம்மவ மாடிப்படி ஏறிப் போயி படிக்கணும். அம்புட்டுத்தான்."

"மாடி கட்டினா அனலா கொதிக்கும்க்கா. வேர்த்துக் கொட்டும்."

"வேர்வை எங்களுக்குப் புதுசாம்மா?" என்றாள் முத்துப்பேச்சி. அதில் குத்தல் ஒன்றும் இல்லை, நிஜமாகவே கேட்டாள்.

பின்னால் ஒரு ஆண் குரல், "ஃபேனு வேணும்" என்றது. இன்னொருவர், "கண்ணாடி சன்னல்" என்றார். "முன்னால தூணு வச்சு, மேல பேரு எழுதி" என்று சோலையம்மாள் கையை உயர்த்திக் காட்டினாள். அதுவரை தலையாட்டிக்கொண்டிருந்த கூட்டம் இப்போதுதான் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஆசையோடு பேச ஆரம்பித்தது.

ஆர்த்தி ஒரு வாரம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அய்யாதுரை வாக்கு மாறாமல் குறுக்கே வராதிருந்தார், ஆனால் சாப்பிடும்போதெல்லாம் மாடிக் கட்டடங்களின் படம் போட்ட சிமெண்ட் விளம்பரத்தை மேசையில் மறந்து வைத்துவிட்டுப் போனார். கடைசியில் பேசி வழிக்குக் கொண்டுவந்தது சொர்ணலட்சுமி டீச்சர்தான்.

"மாடி கட்டும்மா. மாடி கட்டினா பிள்ளைக வரும். வந்துட்டா பாடம் நடத்தலாம். எங்க வச்சு நடத்துறதுங்கிறது நம்ம கையில."

ஆர்த்தி பல்லைக் கடித்துக்கொண்டு வரைந்தாள். ரோட்டைப் பார்த்து, தூண் வைத்து, கண்ணாடி வைத்து, நடுவில் அகலமான மாடிப்படியோடு ஒரு கான்கிரீட் கட்டடம். எவ்வளவு அவலட்சணமாக முடியுமோ அவ்வளவு அவலட்சணமாக வரைந்தால் அப்பாவே வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று ஒரு நம்பிக்கை. அய்யாதுரை அதைப் பார்த்துக் கண் கலங்கினார். "இப்பதாம்மா பள்ளிக்கூடம் மாதிரி இருக்கு" என்றார். தகப்பனார் சிலைக்கு இடம் எங்கே என்றும் கேட்டார்.

கட்டடம் எழும்பியது. சேர்க்கையன்று ரோடு வரைக்கும் வரிசை நின்றது. நாரணாபுரத்துக்காரர்கள் மட்டுமில்லை, விருதுநகர்ப் பக்கமிருந்தெல்லாம் வந்தார்கள். முத்துப்பேச்சி எழிலின் கையைப் பிடித்துக்கொண்டு கீழ்ப்படியில் நின்று, மகளை மட்டும் ஏறவிட்டாள்.

முதல் பங்குனியிலேயே மாடி தன் சுபாவத்தைக் காட்டியது. கண்ணாடி வழியாக வந்த வெயில் வெளியே போகவில்லை. மின்விசிறி இருந்தது, ஆனால் அது மின்வெட்டுக் காலம். கரண்ட் வருகிற நேரத்தில் பள்ளிக்கூடம் இருக்காது. ஒரு பிள்ளை மயங்கி விழுந்ததும் சொர்ணலட்சுமி டீச்சர் ஒரு ஏற்பாடு செய்தார். பட்டாசுக்குப் போகிறவர்களின் வேன் காலையில் பள்ளிக்கூட வாசலில் நின்று பிள்ளைகளை இறக்கிவிட்டுப் போகும். பிள்ளைகள் வரிசையாக முன்படி ஏறுவார்கள். வேன்களில் இருந்து தாய்மார்கள் கழுத்தை நீட்டிப் பார்ப்பார்கள். வேன் திருப்பத்தில் மறைந்ததும் பிள்ளைகள் பின்படி வழியாக இறங்கி, வேப்பங்கன்றுகளைத் தாண்டி, வெள்ளை அறைகளுக்குள் போய் உட்கார்வார்கள். சாயங்காலம் அதே போல மேலே ஏறி, முன்படி வழியாக இறங்குவார்கள்.

ஆர்த்திக்கு இதைக் கேட்டதும் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவள் கட்டிய அறைகள் ஒருவழியாக நிரம்பின, ஆனால் கள்ளத்தனமாக.

அடுத்த வருடம், பசுமைக் கட்டடங்களுக்குப் பரிசு கொடுக்கிற ஒரு குழு டெல்லியிலிருந்து வந்தது. அவர்கள் வெள்ளை அறைகளைப் பார்த்து மெய்மறந்தார்கள். கதவைத் திறந்து திறந்து மூடினார்கள். குழுவில் மூத்தவராக இருந்த ஒரு அம்மாள், "இந்த மண்ணின் மரபிலிருந்து எடுத்திருக்கிறீர்கள், இல்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆர்த்தி பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டுக்கொண்ட அய்யாதுரை முந்திக்கொண்டார்: "ஆமாங்க. எங்க தொழில்லருந்துதான் எடுத்தது." குழு அதையும் எழுதிக்கொண்டது. முன்னால் நின்ற மாடிக் கட்டடம்தான் அவர்களுக்கு இடைஞ்சலாக இருந்தது. புகைப்படக்காரர் அது தெரியாதபடி எடுப்பதற்காகக் குளத்துக்குள் இறங்கி நின்று எடுத்தார்.

பரிசு கிடைத்தது. ஒரு ஆங்கிலப் பத்திரிகையில் பள்ளிக்கூடம் அச்சாகி வந்தது. அதில் மாடியே இல்லை. ஊர்க்காரர்கள் வீட்டில் மாட்டி வைத்திருந்த பள்ளிக்கூட ஆண்டுவிழாப் படத்தில் மாடி மட்டும்தான் இருந்தது. ஆர்த்தி பத்திரிகைப் படத்தை வெட்டி வைத்துக்கொண்டாள், ஆனால் யாரிடமும் காட்டவில்லை.

சித்திரைத் திருவிழாவுக்காகத் தொழிற்சாலைக்கு விடுமுறை விட்டிருந்த நாளில், பிள்ளைகளின் மதிப்பெண் பார்க்கப் பெற்றோர்களை வரச் சொல்லியிருந்தார்கள். மதிப்பெண் பார்க்கிற இடம் மாடிதான். அது தலைமை ஆசிரியையின் கண்டிப்பான உத்தரவு. ஆர்த்தி போனபோது கூட்டம் கலைந்துவிட்டது. வெயில் தாங்காமல் எல்லோரும் இறங்கிப் போயிருந்தார்கள். முத்துப்பேச்சி மட்டும் மேல்மாடிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜாக்கெட் முதுகு முழுக்க நனைந்திருந்தது.

"எழில் எப்படிப் படிக்காக்கா?"

"மூணாவது ரேங்க்கும்மா." அவள் திரும்பிச் சிரித்தாள். ஆர்த்தி தயங்கி நிற்பதைப் பார்த்து, தானாகவே சொன்னாள். "எனக்குத் தெரியும்மா. அவ மொத வாரமே சொல்லிட்டா, கீழ வெள்ள ரூமுலதான் படிக்கோம்னு."

"கோவம் வரலையாக்கா?"

"வந்துச்சு. டீச்சர்கிட்ட வந்து ஏசிறணும்னுதான் நெனச்சேன். அப்புறம் யோசிச்சேன். வெயிலுக்கு ஒதுங்கிக்கிடட்டுமே. அதுக்காக மாடி இல்லாத பள்ளிக்கூடம்னு ஆயிருமா?"

"மத்தவங்களுக்கும் தெரியுமா?"

"எல்லாருக்குந்தான் தெரியும். நாங்க கேக்கல, டீச்சர் சொல்லல. பாவம், அவுக சிரமப்பட்டு ஏற வச்சு எறக்குதாக. நாம போயி தெரியும்னு சொன்னா மனசு சங்கடப்படும்லா."

ஆர்த்தி அவள் பக்கத்தில் போய் நின்றாள். கைப்பிடிச் சுவர் சுட்டது. முத்துப்பேச்சி வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்து, ரோட்டுக்கு அந்தப் பக்கம் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

"அங்கன பாருங்கம்மா. அந்த மரம் ரெண்டும் சேந்தாப்புல இருக்குல்ல, அதுக்கு வலப்பக்கம் நாலாவது கூரை. அதான் என் ரூமு."

ஆர்த்தி பார்த்தாள். நீண்ட மதிலுக்கு அப்பால், மரங்களுக்கு நடுவே, சின்னச் சின்னச் சதுரங்களாகக் கூரைகள் தெரிந்தன. தீப்பெட்டிகளை யாரோ இடைவெளி விட்டு அடுக்கிவைத்த மாதிரி இருந்தது.

"பதினாறு வருசமாப் போறேன். மேலருந்து பாத்ததே இல்ல" என்றாள் முத்துப்பேச்சி. "எம்புட்டுச் சின்னதா இருக்கு!" அவள் குரலில் வருத்தம் இல்லை. முதுகில் ஏற்றிக்கொண்டு திரிந்த மூட்டை இவ்வளவுதானா என்று அவிழ்த்துப் பார்ப்பவளைப் போல இருந்தாள். வேர்வை நாடியில் சொட்டியது, அவள் துடைத்துக்கொள்ளவில்லை. இந்தக் காட்சிக்கு எந்தப் பரிசுக்குழுவும் மதிப்பெண் போட்டிருக்காது என்று ஆர்த்திக்குத் தோன்றியது. அவளும் எந்தப் படத்திலும் இதை வரைந்திருக்க மாட்டாள்.

"ஏம்மா, இன்னொரு மாடி போட்டா சூலக்கரை கலெக்டராபீசு தெரியுமா?"

விருதுநகரை ஒட்டியிருக்கிற சூலக்கரை வெகு தூரம். இன்னும் பத்து மாடி போட்டாலும் தெரியாது.

"போட்டுத்தான் பாக்கணும்க்கா" என்றாள் ஆர்த்தி.